பேரன் கையில் ஒரு மட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போனில், பேரன் அங்கே என்ன விளையாடுகிறான் என்று கேட்டீர்கள். டூட்டிக்குக் கிளம்புகிற நேரம், அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கோவில்பட்டியில் ஹாக்கி ஸ்டிக்கோடு வளர்ந்த உங்களுக்கு அப்படிச் சொன்னால் போதாது, அதனால் இன்று லீவு நாளில் உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன்.

அவன் விளையாடுவது இந்த அயர்லாந்து நாட்டு ஆட்டமான ஹர்லிங். மட்டைக்கு ஹர்லி என்று பேர். ஆஷ் மரத்தில், வேரை ஒட்டிய அடிப்பகுதியில் அறுத்துச் செய்வார்கள். மரம் அங்கே வளைவதால் உள்ளே ஓடும் ரேகையும் மட்டையோடு சேர்ந்து வளைகிறது, அதனால்தான் லேசில் முறியாது. அடிக்கிற பக்கம் உள்ளங்கை மாதிரி அகலமாக இருக்கும், அந்த ஓரத்தில் தகரப் பட்டை சுற்றியிருக்கும். ஹாக்கி மாதிரி ஒரு பக்கத்தால்தான் தொடலாம் என்பதெல்லாம் இல்லை. இரண்டு பக்கமும் அடிக்கலாம், பந்தைக் கையால் பிடிக்கலாம், நான்கு காலடி வரை கையில் வைத்துக்கொண்டே ஓடலாம், அந்தரத்தில் வரும் பந்தை அப்படியே விளாசலாம். கோல் கம்பங்களுக்கு நடுவே இருக்கும் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் அது கோல், 3 புள்ளி. ஒரு அணிக்கு 15 பேர்.

நாங்கள் இருக்கும் பாலிஹேல், கில்கென்னி கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) தெற்கே வாட்டர்ஃபோர்டு போகும் வழியில் இருக்கிற ஒரு சின்ன ஊர். கண்ணை மூடித் திறப்பதற்குள் கார் தாண்டிவிடும். அப்படிப்பட்ட ஊரின் கிளப்தான் பாலிஹேல் ஷாம்ராக்ஸ். 1972-ல் ஆரம்பித்தது. 1978-ல்தான் முதன்முதலாக கவுண்டி சீனியர் பட்டம், அடுத்த மூன்றே வருஷத்தில், 1981-ல், அயர்லாந்து முழுமைக்குமான கிளப் பட்டம்! அந்த அணியில் ஃபென்னெலி என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர் இருந்தார்கள் அப்பா, கூடப் பிறந்த ஏழு அண்ணன் தம்பிகள். அவர்களில் கெர் 1979-லும், லியாம் 1983, 1992-லும் கில்கென்னி கவுண்டி அணிக்கே கேப்டனாக நின்று அகில அயர்லாந்து கோப்பை வாங்கினார்கள். அடுத்த தலைமுறையில் மைக்கேல் ஃபென்னெலி 2009-ல் அதே மாதிரி வாங்கினார்.

1981, 84, 90, 2007, 2010, 2015, 2019, 2020, 2023 என்று இதுவரை ஒன்பது அகில அயர்லாந்து பட்டங்கள். ஹர்லிங்கில் வேறு எந்தக் கிளப்பும் இதற்குப் பக்கத்தில் கூட வரவில்லை. கவுண்டி அணிக்காகப் பத்து அகில அயர்லாந்து பதக்கம் வாங்கிய ஹென்றி ஷெஃப்லின் இந்த ஊர்க்காரர்தான். 2015-ல் கிளப்போடு ஜெயித்த கையோடு கவுண்டி ஆட்டத்திலிருந்து விலகினார், அப்புறம் மேனேஜராக வந்து 2019, 2020 இரண்டு வருஷமும் ஜெயிக்க வைத்தார். கில்கென்னியின் இன்னொரு பெரிய ஆட்டக்காரர் டிஜே ரீடும் இங்கேதான்.

இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் ஒரு வேலை, சாயங்காலம் மைதானம். பணம் கொடுத்து வெளியாட்களை வாங்கி ஆட வைக்கிற பேச்சே இல்லை. பிறந்து வளர்ந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம் மாதிரி. எனக்கு இந்தக் கிளப் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம், கோப்பைகள் அப்புறம்தான்.

2022 அகில அயர்லாந்து கிளப் ஃபைனல் பற்றி இங்கே யாரிடமும் சட்டென்று பேச முடியாது. எதிரணி வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னர். ஆட்டம் முடியப்போகிறது, நம்மவர்கள் 2 புள்ளி முன்னால், மூன்றாவது முறையும் கோப்பை கைக்கு வந்தாகிவிட்டது என்று இருக்கும்போது, கடைசி நொடியில் ஹாரி ரடில் ஒரு கோல் போட்டுவிட்டார். 2-17க்கு 1-19. முன்னால் இருப்பது கோல், பின்னால் இருப்பது புள்ளி; கோலுக்கு மூன்று வைத்துக் கூட்டிப் பாருங்கள், ஒரே ஒரு புள்ளி! வேறு அணியாக இருந்தால் அதோடு உடைந்திருக்கும். இவர்கள் கவுண்டி பட்டத்தைத் தொடர்ந்து ஐந்தாவது முறையாக எடுத்து, மறுபடி ஃபைனல் நடக்கும் குரோக் பார்க் மைதானம் வரை போய், 2023 ஜனவரியில் டன்லாய் அணியை 1-22க்கு 1-15 என்று ஜெயித்தார்கள்.

சின்னவனைச் சேர்க்கப் போன அன்று ஒருத்தரும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு பெரியவர் அவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, இடுப்புக்கு நேராக ஹர்லியை வைத்து அளந்து பார்த்து, சரியான அளவில் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஹெல்மெட்டும் அவரே மாட்டிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து தகப்பனும் பிள்ளையும் மழையிலும் மைதானத்தில்தான் இருக்கிறார்கள்.

அவன் மட்டையைப் பிடிக்கும்போது இடது கையை மேலே வைக்கிறான், இங்கே வலது கை மேலே இருக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் இடது கையைத்தானே மேலே வைத்துப் பிடிப்பீர்கள்? வீடியோ அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பரண் மேல் இருக்கும் உங்கள் பழைய ஸ்டிக்கை அம்மாவிடம் சொல்லி எடுத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், தினமும் கேட்கிறான்.

அன்புடன்,
உங்கள் சின்ன மகள்