பழைய கார் விற்பனை: அடிப்பாகத்தின் நிலையும் எழுத்தில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பழைய கார்களை விற்கும் கார் கன்சல்டிங் கடைகள் இல்லாத நெடுஞ்சாலையே இல்லை என்னும் அளவுக்குப் பெருகிவிட்டன. முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பங்கள் பல அங்கேதான் போகின்றன. அங்கே பெரும்பாலும் காட்டப்படுவது பாலிஷ் போட்ட மேல்பாகமும் புது சீட் கவரும் ஆர்.சி.யும் மட்டுமே. வண்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கிறது, இதுவரை என்னென்ன சர்வீஸ் நடந்தது என்பதை எழுத்தில் கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

அண்மையில் எங்கள் குடும்பத்துக்கு வாங்கிய டீசல் காரைச் சத்தியமங்கலம் சாலையில் உள்ள ஒரு பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றினார்கள். என்ஜினுக்குக் கீழே இருக்க வேண்டிய அண்டர் கவரைக் காணோம். அது இருந்ததற்கு அடையாளமாகத் துருப்பிடித்த இரண்டு போல்ட்டுகளும் முறுக்கிவிட்ட கட்டுக்கம்பியும் தொங்கின. முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரும் இல்லாததால், செம்மண் சேறு பெல்ட் ஓடும் புல்லியின் காடிகளில் இறுகிப்போய், பக்கத்து ஒயர் கனெக்டரின் பின்கள் பச்சை பூத்திருந்தன. பழைய ஆயிலை வடிப்பதற்காகக் கழற்றும் போல்ட்டின் முனைகள் மழுங்கி, மரை போன இடத்தில் பசை பூசப்பட்டிருந்தது. ஆயில் மூடியின் உட்புறத்தில் தாரைப் போலக் கரிய மண்டி ஒட்டியிருந்தது. ரேடியேட்டரில், என்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவமான கூலண்டுக்குப் பதிலாகக் காவி நிறத் தண்ணீர் இருந்தது. இந்த வண்டியைத்தான் ‘முறையாக சர்வீஸ் செய்த சிங்கிள் ஓனர் வண்டி’ என்று சொல்லி விற்றிருந்தார்கள்.

அண்டர் கவர் சாலையிலிருந்து தெறிக்கும் கல், தண்ணீர், சேறு ஆகியவை பெல்ட், ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் போன்றவற்றின் மீது படாமல் காக்கிறது. பல மாடல்களில் ஆயில் மாற்றுவதற்கே இதைக் கழற்ற வேண்டியிருப்பதால், ஒரு கிளிப் உடைந்தாலோ போல்ட் தொலைந்தாலோ திரும்ப மாட்டாமலே வண்டியை அனுப்பிவிடும் பட்டறைகள் உண்டு. அப்படி விட்ட இடத்தில் மற்ற வேலைகளும் அரைகுறையாகத்தான் நடந்திருக்குமோ என்று சந்தேகப்படுவதில் தவறில்லை. சில மாடல்களுக்குக் கம்பெனியே இதைத் தருவதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த மாடலுக்கு உண்டா, இல்லையா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டாலே தெரிந்துவிடும்.

நம் பகுதியில் அடிப்பாகமும் சர்வீஸும் சரியாக இருப்பது இன்னும் முக்கியம். தோட்டத்துக்குப் போகும் குறுகிய மண்பாதைகளான இட்டேரிகளில் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே கல் துருத்திக்கொண்டிருக்கும். அது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பில் இடித்து ஆயில் ஒழுகிப்போனால், எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தாவிட்டால், என்ஜின் ஜாமாகிவிடும். அதேபோல ஆயிரம் அடி போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே வந்தால் உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத இந்தக் குறை, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு ஏறும்போது என்ஜின் கொதித்து, அதன் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போகிற அளவுக்கு முற்றிவிடும்.

லாரிக்கும் வாடகைக் காருக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று கட்டாயம். சொந்தக் காருக்கோ பதிவைப் புதுப்பிக்கும் 15 ஆண்டுவரை புகைச் சோதனையைத் தவிர வேறு சோதனை வழக்கமாக நடப்பதில்லை. பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் அது வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது, என்ன ஆவணம் தர வேண்டும் என்பதில் காட்டும் அக்கறையை இயந்திரத்தின் நிலையில் காட்டவில்லை.

எனவே, லிஃப்ட்டில் ஏற்றி எடுத்த அடிப்பாகப் படங்களையும், எந்தெந்தக் கவர், லைனர் இல்லை என்ற குறிப்பையும், கடைசியாக ஆயிலும் கூலண்டும் பிரேக் ஆயிலும் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கையெழுத்திட்டு வாங்குபவரிடம் தருவதைப் போக்குவரத்துத் துறை அங்கீகாரத்தின் நிபந்தனையாக்க வேண்டும். அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் அதையும் அதில் எழுத வேண்டும், ஏனெனில் துருவை மறைப்பதற்கும் அதையே அடிக்கிறார்கள். அரசு ஆணை வரும்வரை காத்திராமல், நேர்மையாகத் தொழில் செய்யும் கன்சல்டிங்காரர்கள் தாங்களாகவே இதைத் தொடங்கினால் முதலில் பயன்பெறுவது அவர்கள்தான். அதுவரை, வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்ட மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.