போன்ல சொல்ல வாய் வராதது

கண்ணு, உன் குரலைக் கேட்டா இதைச் சொல்ல வர மாட்டேங்குது, அதான் எழுதுறேன். ரெண்டு மாசம் முன்னாடி உள்பாவாடைல லேசா ரத்தக்கறை. வலி கிலி எதுவும் இல்ல. தீட்டு நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இது என்னன்னு பயம், வெட்கம் வேற. டயாலிசிஸ் மிஷின்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் போடுறாங்கல்ல, அதுல கசியுதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். வாரம் மூணு நாள் பாக்குற நர்ஸ் பொண்ணுகிட்ட கூட மூச்சு விடல. திரும்பவும் பட்டப்புறம் தான் சொன்னேன், அவ அப்பவே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டா.

கர்ப்பப்பைல ஒண்ணுமில்லன்னாங்க. அப்புறம் யூராலஜி டாக்டர் மூத்திரப்பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னார். ஒன்பது வருஷமா டயாலிசிஸ், ஆறு வருஷமா ஒரு சொட்டு மூத்திரம் இல்ல, காலிப் பைல என்ன சார் இருக்கப் போகுதுன்னு கேட்டே விட்டேன். அவர் கோவிச்சுக்கல. மத்தவங்களுக்கு மூத்திரம் செவப்பா போனா உடனே தெரியும், உங்களுக்கு அந்த வழியும் இல்ல, இந்தக் கறை ஒண்ணு தான் தகவல், அதையும் ஹெப்பரின் மேல போட்டுட்டா எப்படிம்மான்னார். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு மூத்திரப் பாதைல கேன்சர் வர்றது மத்தவங்களை விட அதிகமாம்.

ஆமா, கேன்சர் தான். சின்னக் கட்டி, வயித்தைக் கிழிக்காம கேமரா விட்ட வழியாவே சுரண்டி எடுத்துட்டாங்க, பயாப்சில தசைக்குள்ள இறங்கலன்னு வந்திருக்கு. மூணு மாசம் கழிச்சு திரும்ப கேமரா. சுருங்கிப்போன ரெண்டு கிட்னிலயும் நீர்க்கட்டி இருக்கு, அது வருஷக்கணக்கா டயாலிசிஸ் பண்றவங்க நிறைய பேருக்கு வர்றது தான், ஆனா ஒண்ணு ரெண்டு கேன்சரா மாறலாம்கறதால அதையும் அப்பப்போ ஸ்கேன்ல பாத்துட்டே இருக்கணுமாம்.

மூத்திரப்பை கேன்சருக்கு சிகரெட் தான் பெரிய காரணமாம். நான் ஜென்மத்துல தொட்டதில்ல. நீ தொடுற, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காத.

கிட்னி தர்றேன்னு டெஸ்டுக்கு லீவு போட்டிருக்கியே, அதைத் தள்ளி வை. மாத்து கிட்னி வச்சா எதிர்ப்பு சக்தியை அடக்கற மாத்திரை போடணும், எங்கயாவது மிச்சம் ஒளிஞ்சிருந்தா அதுக்குக் கொண்டாட்டம் தான், அதனால அடுத்த கேமரா பாத்துட்டு பேசலாம்னுட்டாங்க. லீவு கிடைச்சா சும்மா வந்து உக்காந்துட்டுப் போ.

படிச்சிட்டு அழுதுகிட்டே போன் பண்ணாத. செவ்வாய், வியாழன், சனி காலைல மிஷின்ல இருப்பேன், கை அசைக்க முடியாது.

அம்மா