பட்டினி கிடந்து இளைக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே அப்பச்சியும் நானும் சுகம். நீ சிங்கப்பூரிலிருந்து பேசும்போது, போனில் எது சொன்னாலும் "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரிக்குத் தண்ணீரில் கரைத்த பவுடர், ஒரே மாதத்தில் 6 கிலோ இறங்கிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாய். மருமகளிடம் கேட்டால், சாயங்காலமானால் உனக்குத் தலை சுற்றுகிறது, பிள்ளையிடம் எரிந்து விழுகிறாய் என்கிறாள். பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ளும்போதுகூட மாவில் வெல்லமும் நெய்யும் இருக்கிறதே என்று தயங்கினாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. 21 நாளுக்கு 21 நூல் எடுத்து, திரியாக்கி, மாவில் வைத்து நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு வாய் மாவு. அதற்குப் போய் பயப்படலாமா?

நீ இளைக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இளைக்கத்தான் வேண்டும். ஐயாவுக்கும் சர்க்கரை, அப்பச்சிக்கும் சர்க்கரை. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று டாக்டர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். நீ அதைத் தாண்டி ரொம்ப நாளாகிறது. ஆனால் இளைக்கிற வழி இதுவல்ல.

முதல் சில நாளில் வேகமாக இறங்குகிற எடையில் பாதிக்குமேல் தண்ணீராகவே இருக்கும். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைக்கிற மாச்சத்து, தன்னைப்போல் மூன்று மடங்கு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் அதுதான் முதலில் காலியாகும். வழக்கம்போல் நாலு நாள் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். அப்புறமும் பட்டினி நீண்டால் கொழுப்போடு தசையும் கரைகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்ட ஆரம்பிக்கும். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகிற வாய்ப்பும் அதிகம். வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அதற்குமேல் ஆசைப்படாதே.

பிள்ளையிடம் எரிந்து விழுவது உன் குணமில்லை, பசியின் வேலை. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைகுறைச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல மனசோடு தாங்களாகவே முன்வந்த பிள்ளைகள். போகப் போக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தார்கள், சிடுசிடுத்தார்கள், சோர்ந்து போனார்கள். சோதனை முடிந்ததும் அடங்காத பசியோடு சாப்பிட்டார்கள். உடம்பைப் பட்டினி போட்டால் அது அப்படித்தான் பதில் சொல்லும். உனக்கு மனவுறுதி போதவில்லை என்று அந்தப் பவுடர் விற்கிறவர் சொன்னால் நம்பாதே.

இன்னொன்று, இது நம் சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வரும் நிலையில் இருந்த 500க்கும் மேற்பட்டவர்களை மூன்று வருஷம் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. தினமும் நடந்து, சாப்பாட்டில் சீனியையும் கொழுப்பையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் என்னை யோசிக்க வைத்தது என்ன தெரியுமா? அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை! தராசு அசையாத மாதத்திலும் உள்ளே நல்லது நடந்துகொண்டுதான் இருக்கும். தினம் காலையில் அதன்மேல் ஏறி நின்று மனசைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஓட்ஸும் பவுடரும் உனக்கு வேண்டாம். நம் வீட்டுச் சாப்பாடு போதும். செட்டிநாடு என்று பலகை மாட்டிய கடைகளில் எண்ணெய் மிதக்கிறதே, அது நம் வீட்டு அன்றாடச் சமையல் இல்லை. தண்ணிக் குழம்பு, கூட்டு, காய்த் துவட்டல், மண்டி, இதுதான் நாம் தினம் தின்றது. அதிரசமும் தேன்குழலும் விசேஷத்துக்குச் சுட்டவை. இப்போது நினைத்த நேரத்தில் பாக்கெட்டில் கிடைக்கிறது, வம்பே அங்கேதான். கவுனி அரிசி நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நார்ச்சத்து உள்ள அரிசிதான். ஆனாலும் சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிண்டிவிட்டால் இனிப்பு இனிப்புதானே.

தட்டில் பாதிக்குத் துவட்டலும் கூட்டும் வை. சோறு கால் பங்கு. மீதிக்குப் பருப்போ மீனோ முட்டையோ. மூன்று வேளையும் சாப்பிடு. வெண்டைக்காய் மண்டி உனக்கே செய்ய வரும்: ஒரு கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, பச்சை மிளகாய், வெண்டைக்காயை வழவழப்பு போகும்வரை வதக்கு. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து ஊற்று. அவித்த மொச்சை ஒரு கை போட்டுக் கொதிக்கவிடு. பூண்டு குழைந்து, குழம்பு கெட்டியாகும்போது இறக்கு. மொச்சை இருப்பதால் வயிறு நிறைந்து நிற்கும், சோறு தானாகக் குறையும்.

ஆபீசுக்குக் கீழே கோப்பி குடிக்கும்போது "கோப்பி ஓ கோசோங்" என்று கேள். கன்டென்ஸ்டு பாலும் சீனியும் இல்லாமல் தருவார்கள். முதல் வாரம் கசக்கும், அப்புறம் பழகிவிடும். பானங்களில் சி, டி என்று எழுத்து இருந்தால் வாங்காதே, சர்க்கரையோ கொழுப்போ அதிகம் என்றுதான் உங்கள் ஊரில் அப்படிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி சாப்பிட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரை மணி நேரம் நட. அவனுக்கும் உன்னோடு பேச நேரம் கிடைக்கும்.

பவுடரை இன்றே நிறுத்து. தலைசுற்றல் இருப்பதால் இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, மூன்று மாதச் சர்க்கரை அளவையும் எடுத்துவிடு. ரிப்போர்ட்டை அப்பச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பழம்புளியும் காய்ந்த மொச்சையும் கட்டி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் ஊருக்கு வந்து திரும்புகிற உன் சிநேகிதனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆத்தா
காரைக்குடி