பாப்பாவுக்கு, ரேட் விஷயமாக

குடியாத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன்.

மனை போட்டு விற்கிற காட்பாடி லேஅவுட்காரருக்கு அனுப்பப்போவதாக வாட்ஸ்அப்பில் காட்டினாயே, அந்தக் கொட்டேஷனைப் பார்த்தேன். ‘ட்ரோன் வீடியோ, ரூ. 5,000’ என்று ஒரே வரி. அதை இன்னும் அனுப்பாதே. போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

5,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, ‘ஓசூரில் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள்’ என்றாய். இப்படி ஊர் ரேட்டைப் பார்த்து விலை போட்டிருந்தால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னை அடக்க விலை போடும் காஸ்டிங் செக்‌ஷனில் ஒரு மாதம்கூட உட்கார வைத்திருக்க மாட்டார்கள். ஒரு ஜோடி ஷூவின் அப்பருக்கு, அதாவது மேல்பாகத்துக்கு, தோல் எத்தனை சதுர அடி, கட்டிங்கில் வேஸ்டேஜ் எவ்வளவு, லைனிங், நூல், பசை, லைனில் எத்தனை நிமிஷம் என்று எல்லாம் எழுதி அடக்கம் தெரிந்த பிறகுதான் பக்கத்துக் கம்பெனி என்ன விலைக்குக் கொடுக்கிறான் என்றே பார்ப்போம். அடக்கத்துக்குக் கீழே ஆர்டர் எடுக்கிறவன் இரண்டு சீசன் ஜோராக ஓட்டுவான், மூன்றாவது சீசனில் மெஷினை விற்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

உன் சாமான் கணக்கை எடுப்போம். ட்ரோன், கூடுதல் பேட்டரிகள், ஃபில்டர், மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 1,80,000 ஆனது என்றாய். மூன்று வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள். வருஷத்துக்குத் தேய்மானம் 60,000. பேட்டரி சார்ஜ் ஏற ஏறத் தேய்ந்துகொண்டே வரும் சரக்கு. அதற்கும் இறக்கைக்கும் 20,000. இன்சூரன்ஸ், ரிப்பேருக்கு ஒதுக்குவது 25,000. லேப்டாப், எடிட்டிங் சாஃப்ட்வேர், ஹார்ட் டிஸ்க் 40,000. பைலட் சான்றிதழுக்குப் பயிற்சிக் கட்டணம் 50,000 கட்டினாய். அது 10 வருஷம் செல்லும், ஆக வருஷத்துக்கு 5,000. கூட்டினால் 1,50,000. நீ ஒரு நாளும் பறக்காவிட்டாலும் இந்தப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இதை எத்தனை வேலைக்குப் பங்கு போடுவது? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. போதாததற்குக் காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது முக்கால் கிலோ ட்ரோன் எங்கே போய் இறங்குமோ. மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் இருக்கும், மழையும் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். உன் மெஷின் புத்தகத்திலேயே 40 டிகிரி வரைதான் என்று போட்டிருக்கிறது, நீதான் காட்டினாய். அந்த மாதத்தில் காலை ஒன்பதுக்குள் முடி, இல்லையென்றால் சாயங்காலம் வை. இப்படி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், நன்றாக ஓடினாலே வருஷத்துக்கு 60 வேலை. 1,50,000-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு 2,500. உன் கூலி இதில் வரவில்லை.

இப்போது காட்பாடி வேலைக்கு வா. ஓசூரிலிருந்து திருவலம் ரோடு வரை போக வர சுமார் 350 கிலோமீட்டர். மாப்பிள்ளையின் காருக்கு பெட்ரோல் 2,000 ரூபாய்க்குக் குறையாது. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா என்று வழியில் மூன்று டோல், போகவும் வரவும். 5,000-இல் 2,500 போய், பெட்ரோல் போய், டோலும் போனால் கையிலிருந்துதான் சாப்பிட வேண்டும். ‘நம்ம பொண்ணு ஆகாயத்துல படம் புடிக்கிறா’ என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிற அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். ‘அப்போ அவ எதுக்குப் போறா?’ என்று கேட்டாள்.

உன் கூலியை நீயே முடிவு செய். பழைய கம்பெனியில் மாதம் 40,000 வாங்கினாய். அதையாவது இந்தத் தொழில் தரவேண்டும் என்றால் வருஷத்துக்கு 4,80,000, வேலைக்கு 8,000. சாமான் பங்கோடு 10,500. இது அடக்கம்தான். வராமல் போகிற பாக்கிக்கும், அடுத்த ட்ரோன் வாங்கும்போது ஏறியிருக்கும் விலைக்கும் மேலே கொஞ்சம் வேண்டும். அதனால் லேஅவுட்டுக்கு 15,000 போடு. போக்குவரத்து 3,000 தனி வரி. அதே பக்கம் வேறு வேலை கிடைத்து ஒரே பயணத்தில் முடித்தால் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

‘முக்கால் மணி நேரம் பறக்கிறதுக்கு இவ்வளவா?’ என்று அவர் கேட்பார். பறக்கிற நேரத்துக்கு ரேட் பேசவே கூடாது. ஒரு பேட்டரி நிஜத்தில் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் யாருக்கும் உன் வேலை அற்பமாகத்தான் தெரியும். போன தடவை ஆற்காடு மனைக்குச் செய்தபோது நீ இங்கே வந்து உட்கார்ந்து எடிட் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேனே. முதலில் ரோடு இன்னும் அகலமாகத் தெரியவேண்டும் என்றார்கள். அப்புறம் ஒவ்வொரு மனை மேலும் நம்பர் எழுத்து நிற்கவேண்டும், கேமரா நகர்ந்தாலும் எழுத்து அந்தந்த மனையை விட்டு விலகக் கூடாது என்றார்கள். கடைசியில், ஓரத்தில் தெரிகிற சுடுகாட்டை எடுத்துவிடுங்கள் என்றார்கள். நீ அந்த ஒரு ஷாட்டுக்காக ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தாய். ஒரு வேலைக்குப் போக்குவரத்து, பறப்பது, எடிட்டிங் எல்லாம் சேர்த்து மூன்று நாள் போகிறது. அதனால் கொட்டேஷனில் இத்தனை நிமிஷ வீடியோ ஒன்று, இத்தனை ரீல்ஸ், இரண்டு முறை கரெக்‌ஷன், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுது. சுடுகாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் வேறு. இருப்பதை மறைத்து மனை விற்கிறவருக்கு நீ துணை போகாதே, வேறு கோணத்தில் எடு. இன்னொன்று, அந்த மனைக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பறப்பதற்கு முன்பே கேள். பதிய வேண்டிய லேஅவுட்டைப் பதியாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது சட்டம்.

வேலைக்கு வேலை ரேட் மாறலாம், தப்பில்லை. ஆம்பூரிலும் உள்ளூர்க் கடைக்கு ஒரு விலை, ஜெர்மனிக்கு அனுப்புவதற்கு ஒரு விலைதான். அங்கே இன்ஸ்பெக்‌ஷன், க்ளெய்ம் என்று ரிஸ்க் அதிகம். லேஅவுட்காரர் உன் வீடியோவைக் காட்டி ஒரு மனை விற்றாலே உன் ரேட்டைப் போல் பல மடங்கு வந்துவிடும். கல்யாண வீட்டில் அது சொந்தக்காரர்கள் பார்ப்பதற்கு. ராணிப்பேட்டை சிப்காட் கம்பெனி என்றால் பர்ச்சேஸ் ஆர்டர், கேட் பாஸ், சேஃப்டி ஷூ என்று ஒரு நாள் அதிலேயே போகும். பணமும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அந்தக் காத்திருப்பையும் ரேட்டில் சேர். டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்தால் பதறாதே. அது உன் பணம்தான், ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும். வருஷத்து வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை உனக்கு ஜி.எஸ்.டி. பதிவு அவசியமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி மட்டும் போட்டுவிடாதே.

கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் கூப்பிடுவது தனிக் கதை. பார்ட்டியிடம் பேக்கேஜில் ட்ரோனுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு உனக்குப் பாதிக்கும் கீழே தருவார்கள். அதற்காக ஸ்டுடியோ வேலையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பார்ட்டியைப் பிடிப்பது, பேசுவது, எடிட் செய்வது எல்லாம் அவர்கள் தலையில். ரா ஃபுட்டேஜை அன்று ராத்திரியே ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு நீ கிளம்பிவிடலாம். அதற்குக் குறைந்த ரேட் நியாயம்தான். ஆனால் அரை நாள், முழு நாள் என்று பேசு. அரை நாள் என்றால் நான்கு மணி நேரம். ரிசப்ஷன் ஆறு மணிக்கு என்பார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏற ஒன்பதாகும். அந்த மூன்று மணி நேரத்துக்கு யார் பணம் தருவது என்று முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

ப்ரீ வெட்டிங் ஜோடிகள் கோட்டையை அகழியோடு மேலிருந்து வேண்டும் என்பார்கள். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும். அந்தக் கட்டணமும் அலைச்சலும் பார்ட்டி செலவு, தனி வரி. ‘காலையில சீக்கிரம் போய் ரெண்டு நிமிஷம் தூக்கி இறக்கிடலாம் அக்கா’ என்று ஸ்டுடியோ பையன்கள் சொன்னால் தலையாட்டாதே. அரக்கோணம் பக்கம் கூப்பிட்டால் ரேட்டே சொல்லாதே. அங்கே ஐ.என்.எஸ். ராஜாளி, கடற்படை விமானத் தளம். எந்த ஊராக இருந்தாலும் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசாங்க ட்ரோன் வரைபடத்தில் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கைநீட்ட வேண்டும். பச்சையில்கூட 400 அடிக்கு மேல் போகாதே, புரோமோட்டர் எவ்வளவு கெஞ்சினாலும். 2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசுக்கு ஓட்ட சான்றிதழ் வேண்டும். உன்னிடம் அது இருக்கிறது, இன்சூரன்ஸும் இருக்கிறது. 5,000-க்குப் பறக்கிற பலரிடம் இரண்டும் இல்லை. அதைக் கொட்டேஷன் அடியிலேயே ஒரு வரி போடு, சான்றிதழ் நம்பரோடு. கம்பெனிக்காரர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான், உன் ட்ரோன் கிணற்றில் விழுந்தால் அதிலிருந்து காலணா வராது. அதற்குத் தனியாக எடுத்திருக்கிறாயா?

ஊர்ப் பிள்ளைகள் தை மாதம் எருது விடும் விழாவுக்கு வரச் சொல்லி இப்போதே என்னிடம் கேட்டாயிற்று. ‘நம்ம ஊர்தானே, பார்த்துப் போட்டுக் கொடுங்க’ என்கிறார்கள். என் யோசனை இதுதான். நம் ஊருக்குச் செய்வதானால் முழு ஓசியாகச் செய், சந்தோஷமாகச் செய். பாதி ரேட் மட்டும் வேண்டாம். ஓசி என்றால் அது அந்த ஒரு விழாவோடு போகும். பாதி ரேட் என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் அதையே உன் ரேட் என்று பிடித்துக்கொள்வார்கள். காளை ஓடுகிற பாதைக்கு மேலே தாழ்வாகப் பறக்காதே, சத்தத்தில் மிரண்டால் பழி உன் மேல் வரும். நம் கெங்கையம்மன் கோயில் வைகாசி சிரசுத் திருவிழா வேலை வந்தால், அந்தக் கூட்டத்தில் போலீஸ் அனுமதி கையில் இல்லாமல் பெட்டியையே திறக்காதே.

பேரம் பேசினால் ரேட்டைக் குறைக்காமல் வேலையைக் குறை. ‘12,000-க்கு முடிக்கலாம் சார், மனை நம்பர் எழுத்து வராது, ரீல்ஸ் வராது’ என்று சொல்லிப் பார். முக்கால்வாசிப் பேர் 15,000-க்கே திரும்பி வருவார்கள். 12,000-க்குக் கீழே இறங்காதே. பாதி அட்வான்ஸ் வந்த பிறகுதான் தேதி. மீதி, வாட்டர்மார்க் போட்ட வீடியோவைப் பார்த்துச் சரி சொன்னதும் வரவேண்டும். அதற்கப்புறம்தான் ஃபைல். மழை வந்தால் ஒரு முறை தேதி மாற்றலாம், முந்தின நாளே சொன்னால் பணம் எதுவும் வேண்டாம். நீ பள்ளிகொண்டா தாண்டிய பிறகு ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று போன் வந்தால் போக்குவரத்துச் செலவு அவர்களுடையது.

எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். புதிதாக எழுதி எனக்கு அனுப்பு, கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்துத் தருகிறேன். லேஅவுட்காரர் குறைக்கச் சொன்னால் ‘அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லாதே. உன் ரேட், நீயே பேசு. அடுத்த தடவை வரும்போது மாப்பிள்ளையையும் கூட்டி வா. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் நன்றாக வந்துகொண்டிருக்கிறது, அம்மா குழம்பு வைக்கிறேன் என்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: ஃபாஸ்டேக் கணக்கை மாதாமாதம் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வை. பெட்ரோல் பில்லைப் போனில் படம் எடுத்துக்கொள், அந்தத் தாளில் எழுத்து நிற்பதில்லை.