சருகுக்குள் ஓர் ஆண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நீளக்கொம்புப் பச்சை அந்துப்பூச்சியின் படத்தை முழுப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். மிக அழகான படம். ஆனால் கீழே 'சில வாரங்களே வாழும் பூச்சி' என்றிருந்த வரி என்னை உறுத்தியது. சிறகு வந்த பிறகுதான் சில வாரம். அதற்கு முன்பு கிட்டத்தட்ட ஓர் ஆண்டு அது காட்டுத் தரையில் உயிரோடு இருக்கிறது.

ஐரோப்பாவின் ஓக், பிர்ச் காடுகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை இதைப் பார்க்கலாம். பெரும்பாலான அந்துப்பூச்சிகளைப் போல இரவில் வராது. நல்ல வெயிலில்தான் ஆண்கள் கூட்டமாகக் கிளை நுனிகளைச் சுற்றி மேலும் கீழும் ஆடும். சிறகு விரித்தால் 14 முதல் 18 மில்லிமீட்டர்தான். நிழலில் கறுப்பாகத் தெரிவது வெயில் பட்டதும் பச்சையும் வெண்கலமுமாக மின்னும். ஆணின் உணர்கொம்பு முன்சிறகைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். பெண்ணுக்கு அவ்வளவு இல்லை. ஒரு மே மாதம் நேரில் பார்த்தபோது, காற்றில் மிதந்த வெள்ளை இழைகள்தான் முதலில் என் கண்ணில் பட்டன; அப்புறம்தான் பூச்சி தெரிந்தது.

சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் இதற்கு Adela reaumurella என்ற இன்றைய அறிவியல் பெயரின் 'reaumurella' பகுதியை வைத்தார். பூச்சிகளின் வாழ்க்கையைப் பொறுமையாகப் பார்த்து எழுதிய ரேயோமூர் அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். அந்தப் பகுதி ரேயோமூரின் பெயரிலிருந்தே அமைந்தது எனக்குப் பிடித்த செய்தி.

சரி, புழுவுக்கு வருகிறேன். இந்தக் குடும்பத்துப் பெண் பூச்சிக்கு வயிற்று நுனி ஊசி போலக் கூராக இருக்கும். செடியைக் குத்தி உள்ளே முட்டையிடும். பச்சைப் பூச்சியின் புழு தரையில் வளர்வது. இலைத் துண்டுகளைப் பட்டு நூலால் ஒட்டித் தட்டையான உறை செய்து, அதற்குள் இருந்தபடியே அதை இழுத்துக்கொண்டு நகரும். தின்பது உதிர்ந்த இலைகளை. வளர வளர உறையைப் பெரிதாக்கிக்கொள்ளும். குளிர்காலத்தையும் அதற்குள்தான் கழிக்கும். கூட்டுப்புழுவாவதும் அதே உறையில்தான்.

பக்கத்தில் கிடக்கும் சருகுக்கும் இந்த உறைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் இலையுதிர் காலத்தில் மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டி எரிக்கும்போது, அடுத்த வசந்தத்தில் பறக்க வேண்டியவையும் சேர்ந்து எரிந்துவிடுகின்றன. எரிப்பவருக்கு அது தெரிவதே இல்லை. அடுத்த முறை இந்தப் பூச்சியின் படம் வரும்போது, அந்தச் சருகு உறையின் படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்