கையெழுத்திட்ட இடம் தீர்மானிப்பதில்லை

ஆசிரியருக்கு,

வெளிநாட்டு வணிகம் பற்றிய கட்டுரையில், ஒப்பந்தம் எந்த நாட்டில் கையெழுத்தானதோ அந்த நாட்டுச் சட்டமே செல்லும் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இரண்டு நாடுகளில் இருந்துகொண்டு மின்னஞ்சலிலேயே ஒப்பந்தம் முடிக்கிறவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்?

பெரும்பாலான நாடுகளில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது, இரு தரப்பும் எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத்தான். அதை எழுதாமல் விட்டால்தான் தலைவலி. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2008-இல் வந்த ரோம் 1 ஒழுங்குமுறைப்படி, சரக்கு விற்பனை என்றால் பொதுவாக விற்பவருடைய நாட்டுச் சட்டம் பொருந்தும். இந்திய நீதிமன்றங்களோ ஒப்பந்தத்தோடு மிக நெருங்கிய தொடர்புள்ள நாடு எது என்று தேடுகின்றன. கையெழுத்திட்ட இடம் அதில் ஒரு தடயம், அவ்வளவுதான்.

சரி, சட்டத்தைக் குறிப்பிட்டுவிட்டால் முடிந்ததா? அதுவும் இல்லை. வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் தங்கள் சரக்கு விற்பனைக்கு 'ஜெர்மன் சட்டம் பொருந்தும்' என்று மட்டும் எழுதினால், 1980-இன் ஐ.நா. சர்வதேசச் சரக்கு விற்பனை உடன்படிக்கையும் கூடவே வந்துவிடும். ஜெர்மனி அதை ஏற்ற நாடு. அங்கே அதுவும் உள்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. வேண்டாமென்றால் வெளிப்படையாக விலக்கி எழுதுவதே பாதுகாப்பு. வக்கீல்களே சிலசமயம் இதைக் கவனிப்பதில்லை.

அப்புறம், வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகும் என்பது தனிக் கேள்வி. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தது. ஒரு நாட்டு நீதிமன்றம் வேறொரு நாட்டுச் சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சாதாரணமாக நடப்பதே. ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர்