பிழைச் செய்தியைக் காணாமலே கம்பஸ் போகும் பிள்ளைகள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கிழக்கிலிருந்து கணினி விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளைகள் முதலாம் வருடச் செய்நிரலாக்கத்தில் (புரோகிராமிங்) தடுமாறுவதற்கு ஆங்கிலமே காரணம் என்று கடந்த ஞாயிறு உங்கள் கல்விப் பக்கக் கட்டுரை முடித்திருந்தது. வந்தாறுமூலை கம்பஸ் என்றாலும் சம்மாந்துறை கம்பஸ் என்றாலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். முதல் சில மாதம் அது கஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. நானும் அந்த வழியால் போனவள். இப்போது பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் பலர் உயர்தரத்தில் ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பாடத்துக்கு ஏ எடுத்தவர்கள். கணினியில் பத்து வரி எழுதி ஓட்டிக் காட்டு என்றால் கை நின்றுவிடுகிறது. இதற்கு ஆங்கிலத்தைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அவர்கள் செய்நிரல் எழுதும் பைதன் என்ற கணினி மொழியில், மொழியே தனக்கென்று ஒதுக்கி வைத்த ஆங்கிலச் சொற்கள் மொத்தமே 35. தொடக்கத்துக்கு இஃப், எல்ஸ், ஃபோர், வைல், டெஃப், ரிட்டர்ன் என்று ஏழெட்டு இருந்தால் போதும். சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளைக்கு எட்டாத ஆங்கிலமா இது?

உயர்தர ஐ.சி.டி.க்கு இரண்டு வினாத்தாள்கள். ஒன்று பல்தேர்வு, மற்றது எழுதுவது. கணினிக்கு முன்னால் இருந்து செய்யும் பரீட்சை கிடையாது. ஆகவே செய்நிரலின் படிகளை வரைந்து காட்டும் பாய்ச்சற் கோட்டுப்படமும் அவற்றைச் சாதாரணச் சொற்களில் எழுதும் போலிக் குறிமுறையும் பைதனும் எல்லாம் பேனாவால்தான். ரியூசனில் கொடுத்த செய்நிரலைப் பாடமாக்கி அப்படியே எழுதிவிட்டு வருகிறார்கள். செய்நிரலில் பிழை இருந்தால் கணினி திரையில் காட்டும் பிழைச் செய்தி, கடதாசியில் எழுதிய செய்நிரலுக்கு வராது. முக்காற்புள்ளி விடுபட்டாலும், பிள்ளை யோசித்த விதம் சரிதானே என்று திருத்துபவர் பாதிக்கு மேல் புள்ளி போடுவார். கணினிக்கு அந்த இரக்கம் இல்லை. எழுத்துச் சோதனை பாஸ் பண்ணியவரை ட்ரயல் இல்லாமலே பஸ் ஓட்ட அனுப்புகிற மாதிரித்தான் நாம் இந்தப் பிள்ளைகளை கம்பஸுக்கு அனுப்புகிறோம்.

அங்கே முதல் ஆய்வுகூட வகுப்பில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் வந்து நிற்கும். ஏதோ குற்றம் செய்து பிடிபட்டதுபோல பிள்ளை உடனே அதை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதுகிறார் என்று பார்க்கத் தொடங்கும். அந்தச் சிவப்பு வரிகள்தான் பாடமே என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பைதன் தரும் நீளமான செய்தியில் முதலில் வாசிக்க வேண்டியது கடைசி வரி. என்ன பிழை என்பது அதில் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. நேம் எரர் என்றால் பெயர் பிசகியிருக்கிறது. பெரிய டி போட்டு ஓரிடத்தில் டோட்டல் என்றும் சின்ன டி போட்டு இன்னோரிடத்தில் டோட்டல் என்றும் எழுதினால் பைதனுக்கு அவை இரண்டும் வேறு வேறு. வரிகளின் உள்தள்ளல் குழம்பினால் இன்டென்டேஷன் எரர். கடதாசியில் அந்த இடைவெளியை யார் அளந்து பார்க்கிறார்கள்? 2021 ஒக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து, திறந்த அடைப்புக்குறியை மூடவில்லை என்பதைக்கூடச் செய்தி நேரடியாகவே சொல்லிவிடுகிறது. வாசிக்கப் பழகினவருக்கு அது நல்ல வாத்தியார்.

ரியூசன் குறிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த சிலவற்றில் பிரிண்ட் கட்டளைக்கு இன்னும் அடைப்புக்குறி இல்லை. அது பைதன் 2 காலத்து வழக்கம். பைதன் 3 வந்தது 2008இல், பழையதற்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. குறிப்பை ஒருதரம் கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தால் போட்டோகொப்பி போட முதலே இது தெரிந்திருக்கும்.

இதையும்விடப் பொல்லாதவை செய்தியே தராமல் வரும் பிழைகள். இரண்டு எண்களைக் கேட்டுக் கூட்டச் சொன்னால், பிள்ளை எழுதிய செய்நிரல் 12க்கும் 30க்கும் 1230 என்று விடை தரும். தட்டச்சு செய்ததை வாங்கும் இன்புட் கட்டளை தருவது எண் அல்ல, எழுத்துத்தொடர். அதை எண்ணாக மாற்ற மறந்தால் கணினி கூட்டாது, ஒட்டிவிடும். எனக்குப் பிடித்த பயிற்சி இன்னொன்று. ஒரு சொல்லைத் திருப்பினாலும் அதே சொல்தானா என்று பார்க்கும் செய்நிரலை எல்லா கம்பஸிலும் எழுத வைப்பார்கள். அதற்கு விகடகவியைக் கொடுத்துப் பாருங்கள், இல்லை என்று சொல்லும்! கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோட் முறையில் ‘வி’ என்பது வகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறிகள். நமக்கு ஐந்து எழுத்து, பைதனுக்கு ஏழு. திருப்பினால் இகரக் குறி வகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஏன் இப்படி என்று துருவித் தேடின பிள்ளை அந்த ஒரு பின்னேரத்தில் படிப்பது, இருபது மாதிரி வினா செய்து படிப்பதைவிட அதிகம்.

வசதி இல்லையே என்பார்கள். உண்மைதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு லப்டொப் வாங்குவது படுவான்கரையில் மட்டுமல்ல, டவுனிலேயே பெரிய காரியமாகிவிட்டது. பல பாடசாலைகளில் கணினிகள் இருக்கின்றன, அறையின் திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஆனால் வீட்டில் ஒரு அன்ட்ரோய்ட் போன் இருந்தால் போதும். பைட்ராய்ட் மாதிரியான செயலியை ஒருதரம் இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலே பைதன் ஓட்டலாம். சின்னத் திரை, விரலுக்கு அலுப்புத்தான். ஆனாலும் பிழைச் செய்தி வருகிறதே. உயர்தரம் எழுதி கம்பஸ் கதவு திறக்கும்வரை மாதக்கணக்காக வீட்டில் இருக்கிறார்களே, அந்தக் காலத்தில் செய்யலாம். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழுச் செய்நிரலையும் எழுதித் தந்துவிடும் என்று பொடியன்கள் என்னிடம் வாதாடுகிறார்கள். தரட்டும். அது தந்ததில் 1230 வந்தால் கண்டுபிடிக்க ஆள் வேண்டுமே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாராவாரம் மாதிரி வினாத்தாள் போடுகிறீர்கள். ஐ.சி.டி. வரும் வாரங்களில் அதில் கால் பக்கம் ஒதுக்கி, வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு சின்னச் செய்நிரலைப் போடுங்கள். ஓட்டிப் பார்த்து, வந்த செய்தியையும் திருத்திய வரியையும் பிள்ளைகள் எழுதி அனுப்பட்டும். விடையை அடுத்த வாரம் தமிழில் விளக்கலாம். தொடக்கத்துக்கு வேண்டியவற்றை நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் கணினி விஞ்ஞான மாணவி,
களுவாஞ்சிகுடி.